தூசிக்குச் சத்தம் கிடையாது

2024ஆம் வருடம், மே 1ஆம் தேதி. உழைப்பாளர் தினம். காலண்டரில் சிவப்பு எழுத்து. ஆனால், காரியாபட்டிக்குப் பக்கத்தில், ஆவியூர் அருகே இருந்த கல்குவாரியில் அன்றைக்கும் ஆட்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். அங்கே வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. மூன்று தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தக் காட்சி, மதியத்துக்குள் தமிழ்நாடு முழுக்க செல்போன்களில் ஓடியது. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

விருதுநகர் மாவட்டத்துக்கு வெடிச்சத்தம் புதிதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை... எங்கேயாவது ஒரு பட்டாசு ஆலையில் சத்தம் கேட்டால், ஊரே ஓடும். தீயணைப்பு வண்டி வரும். கலெக்டர் வருவார். நிவாரணம் அறிவிப்பார்கள். சத்தத்துக்கு அப்படியொரு மரியாதை உண்டு.

தூசிக்கு அது கிடையாது. அது சத்தம் போடுவதில்லை.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில் போனால், ஆவியூர், காரியாபட்டி எல்லாம் கண்ணில்படும். கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும் பூமி. சாலையை விட்டு உள்ளே போனால் குவாரிகள். வெட்டி எடுத்த கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர்கள். ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்தபிறகு, கல்லை இன்னும் பொடித்து எம்-சாண்ட். உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் கான்கிரீட் போட்ட ஜல்லி, இப்படி ஏதாவது ஓர் ஊரிலிருந்துதான் வந்திருக்கும். கிரஷர் பக்கத்து வேப்பமரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சை இருக்காது. மாவு அரைக்கிற மில்லுக்குள் நிற்பதுபோல வெள்ளை பூத்து நிற்கும்.

மரத்தின் மேல் படிவது இருக்கட்டும். மனிதனுக்குள் போவது என்ன செய்யும்?

நுரையீரலைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். ஆனால், கல் தூசிக்கு இன்னொரு வேலையும் தெரியும். அது ஓர் ஆளை, தோலிலிருந்து ஆரம்பித்து உள்ளுறுப்புகள் வரை, கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போக வைக்கும். அதை மருத்துவர்கள் கண்டுபிடித்ததும், ஏன் அப்படி நடக்கிறது என்று தேடிப் போனதும் ஒரு பெரிய துப்பறியும் கதை. 270 வருடக் கதை.

நோயின் பெயர் ஸ்க்ளீரோடெர்மா. கிரேக்க மொழியில் 'ஸ்க்ளீரோஸ்' என்றால் கடினம். 'டெர்மா' என்றால் தோல். அவ்வளவுதான் அர்த்தம். உள்ளுறுப்புகளையும் சேர்த்துப் பிடிக்கும்போது, சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ் என்பார்கள்.

*

கதை இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரில் ஆரம்பிக்கிறது. கார்லோ குர்ஸியோ என்று ஒரு மருத்துவர். அவரிடம் பாட்ரிஸியா காலியேரா என்ற 17 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் தோல் மரக்கட்டைபோல இறுகியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தோலைக் கிள்ளினால் கையில் வரவில்லை.

குர்ஸியோ வெதுவெதுப்பான பாலில் குளிக்கவைத்தார். ஆவி பிடிக்கவைத்தார். காலில் ரத்தம் எடுத்தார். பாதரசம் கொடுத்தார். அந்தக் காலத்து வைத்தியம் அப்படித்தான். 11 மாதம் கழித்து தோல் இளகிவிட்டது என்று எழுதிவைத்தார். 1753இல் அது புத்தகமாகவே வந்தது. அந்தப் பெண்ணுக்கு வந்தது இதே நோய்தானா, இதைப்போன்ற வேறொன்றா என்று இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். எப்படியோ, மருத்துவ உலகம் இந்த விஷயத்தைக் குறித்துவைக்க ஆரம்பித்த இடம் அதுதான்.

அடுத்த துப்பு பாரிஸில் கிடைத்தது. 1862இல் மோரிஸ் ரேய்னோ என்ற இளம் மருத்துவர் தன் பட்டத்துக்காக ஓர் ஆய்வு எழுதினார். சிலருக்குக் குளிர் பட்டால் விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுக்கிறது. அப்புறம் நீலம். சூடு ஏறும்போது சிவப்பு. மூன்று வர்ணம் காட்டுகிறது விரல். ரத்தக் குழாய்கள் தேவைக்கு மேல் சுருங்குவதால் இப்படி ஆகிறது. இன்றுவரை அதற்கு அவர் பெயர்தான்.

'விருதுநகர் வெயிலில் எங்கே சார் குளிர்?' என்று கேட்காதீர்கள். மார்கழி காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் போதும். ஏ.ஸி. ஆபீஸ் போதும். ஸ்க்ளீரோடெர்மா வருகிற ஆட்களில் பெரும்பாலானோருக்கு முதல் எச்சரிக்கை இந்த விரல்தான். சில பேருக்கு மற்ற அறிகுறிகள் தலைகாட்டுவதற்குப் பல வருடங்கள் முன்னாலேயே இது வந்துவிடும். அதற்காக, விரல் வெளுக்கிற எல்லோருக்கும் ஸ்க்ளீரோடெர்மா என்று பயந்துவிட வேண்டாம். ரேய்னோ உள்ளவர்களில் ரொம்பப் பேருக்கு அது அதோடு சரி.

இந்த நோய் வந்தவர்களைப் பற்றி, நவீன மருத்துவத்தின் பிதாமகர்களில் ஒருவரான வில்லியம் ஆஸ்லர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதினார். மனிதனுக்கு வரும் கொடுமைகளில் இது மிக மோசமான ஒன்று. உயிரோடு இருக்கும்போதே, சுருங்கிக்கொண்டே போகும் இரும்புத் தோலுக்குள் அடைபட்ட மம்மியாகிறான் மனிதன் என்பது அவர் சொன்னதன் சாரம்.

எல்லாம் சரி. ஏன் வருகிறது? அதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

*

1914. ஸ்காட்லாந்தின் எடின்பரோ. கல் கட்டடங்களுக்குப் பேர்போன ஊர். பைரம் பிராம்வெல் என்ற மூத்த மருத்துவர், தான் பார்த்த ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மொத்தமே ஒன்பது பேர். ஆனால், அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. கல்தச்சர்கள், அவர்களுடைய எண்ணிக்கைக்குச் சம்பந்தமே இல்லாமல், அதிகமாக இருந்தார்கள்.

இதில் இன்னொரு ஆச்சரியமும் உண்டு. இது பெண்களுக்கு அதிகமாக வருகிற நோய். ஓர் ஆணுக்கு வந்தால், நாலு பெண்களுக்காவது வரும். கல்தச்சர்களோ ஆண்கள்.

பிராம்வெல் யோசித்தார். ஸ்காட்லாந்துக் குளிர். அந்தக் குளிரில், இரும்பு உளியை நாள் முழுக்க இறுக்கிப் பிடிக்கிறார்கள். விரல்கள் விறைக்கின்றன. அதுதான் காரணமாக இருக்கும் என்று முடிவு செய்தார்.

குற்றவாளி அந்த அறைக்குள்தான் இருந்தான். ஆனால், அவர் கையைக் காட்டியது வேறு ஆளை. உளியைப் பார்த்தார். உளி கிளப்பிய தூசியைப் பார்க்கவில்லை.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? 'நீ என்ன வேலை பார்க்கிறாய்?' என்று நோயாளியைக் கேட்டாரே, அதுவே பெரிய விஷயம். இந்தக் கதையில் மிக முக்கியமான கேள்வி அதுதான்.

அந்தக் கேள்வியை மறுபடியும் உரக்கக் கேட்டவர், தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த எல்.டி. எராஸ்மஸ். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதி தங்கச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றது. தங்கம் இருப்பது குவார்ட்ஸ் பாறைக்குள். பாறையைத் துளைத்தால் சிலிக்கா தூசி. அங்கே வேலை பார்த்த சுரங்கத் தொழிலாளர்களிடம் ஸ்க்ளீரோடெர்மா வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை, 1957இல் அவர் விரிவாக எழுதினார். பூமிக்கடியில் குளிராவது, உளியாவது? சந்தேகம் நேராகத் தூசி மேல் திரும்பியது. சிலிக்கா தூசியும் ஸ்க்ளீரோடெர்மாவும் சேர்ந்து வந்தால், இன்றைக்கும் அதை எராஸ்மஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து, 1967இல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜெரால்ட் ராட்னன் கணக்கெடுத்தார். இரும்பும் நிலக்கரியும் நிறைந்த ஊர். அவர் பார்த்த ஆண் நோயாளிகள் 60 பேர். அதில் 43 சதவிகிதம் பேர் நிலக்கரிச் சுரங்கத்திலோ, சிலிக்கா தூசி கிளம்பும் வேறு வேலையிலோ வருடக்கணக்கில் இருந்தவர்கள். அப்புறம், கிழக்கு ஜெர்மனி. லைப்ஸிக் நகரத்துத் தோல் மருத்துவர் ஹவுஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1980களில் தங்கள் ஊர் ஆண் நோயாளிகளைப் பட்டியலிட்டபோது, அங்கேயும் பெரும்பாலானோர் சிலிக்கா தூசியில் உழைத்தவர்களாகவே இருந்தார்கள்.

ராட்னனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இறுகிய தோலை எப்படி அளப்பது? அவர் எந்த மிஷினையும் தேடவில்லை. தன் விரல்களால் நோயாளியின் தோலைக் கிள்ளிப் பார்த்து மார்க் போட்டார். அந்த முறையைக் கொஞ்சம் மாற்றி, இன்றைக்கு உடம்பில் 17 இடங்களில் கிள்ளிப் பார்க்கிறார்கள். இளக்கமாக இருந்தால் பூஜ்யம். கிள்ளவே வராவிட்டால் 3. மொத்தம் 51. கோடிக்கணக்கில் செலவு செய்து நடக்கும் மருந்துச் சோதனைகளில்கூட, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இந்தக் கிள்ளல் இன்னமும் உண்டு!

*

இந்த இடத்தில், நம் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை.

எராஸ்மஸ் எழுதுவதற்குப் பத்து வருடம் முன்னாலேயே, இந்தியாவில் ஒரு கணக்கு வந்துவிட்டது. இடம், கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயிலேறிப் போனவர்கள் நம் மக்கள். மைசூர் சமஸ்தானத்து மண்ணில் ஒரு தமிழ் ஊரையே உண்டாக்கியவர்கள். அங்கே 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்துப் பார்த்து, 1947இல் முடிவை வெளியிட்டார்கள். நாற்பது சதவிகிதத்துக்கும் மேற்பட்டோருக்கு சிலிகோசிஸ். இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி வந்த ஆரம்பகால ஆய்வுகளில் ரொம்ப முக்கியமானது அது. அது நுரையீரலின் கணக்கு. 2001ஆம் வருடம் பிப்ரவரி கடைசியில் தங்கவயல் மூடப்பட்டது.

இன்னொன்று. நீங்கள் சிலேட்டில் 'அ' எழுதிப் பழகினீர்களா? மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், சிலேட்டுக் குச்சி தயாரிப்பதற்குப் பெயர்போன ஊர். கல்லை மிஷினில் அறுத்துக் குச்சியாக்குவார்கள். ஆமதாபாத்தில் இருக்கும் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே 593 தொழிலாளர்களைப் பரிசோதித்தது. 1985இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பாதிக்கும் மேல், 54.6 சதவிகிதம் பேருக்கு சிலிகோசிஸ். நாம் எழுத்துப் படித்த குச்சிக்குள் யாரோ ஒருவருடைய மூச்சு இருந்திருக்கிறது.

*

சரி. தூசி போவது நுரையீரலுக்குள். தோல் ஏன் இறுக வேண்டும்? துப்பறியும் கதையின் இரண்டாம் பாகம் இதுதான். இதற்கு நுண்ணோக்கிக்குள் போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரிய ஆபத்தில்லை. மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். காறித் துப்பினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் வில்லன். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சிலிக்கா துகள், நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்காரும்.

அங்கே மேக்ரோஃபேஜ் என்றொரு காவல்கார செல் சுற்றிக்கொண்டே இருக்கும். கிருமி வந்தால் அப்படியே விழுங்கி, உள்ளே இருக்கும் ஒரு பைக்குள் போட்டுச் செரித்துவிடும். சிலிக்கா வந்தாலும் அதேபோல விழுங்குகிறது. ஆனால், கல்லைச் செரிக்க முடியுமா? லண்டனில் அந்தோணி ஆலிசனும் சகாக்களும் 1966இல் இதைக் காட்டினார்கள். விழுங்கப்பட்ட சிலிக்கா அந்தப் பையைக் கிழித்துவிடுகிறது. உள்ளே இருந்த அமிலமும் என்ஸைம்களும் கொட்டுகின்றன. காவல்காரர் காலி. செத்த காவல்காரரிடமிருந்து வெளியே விழுந்த துகளை, அடுத்த காவல்காரர் வந்து விழுங்குகிறார். அவரும் காலி. கிருமி என்றால் ஒருநாள் தீரும். கல் தீராது. வேலையை விட்டு நின்ற பிறகும் நோய் வளர்வதற்கு இது ஒரு காரணம்.

2008இல் அடுத்த முடிச்சு அவிழ்ந்தது. பல ஆராய்ச்சிக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் சொன்னார்கள்: பை கிழிந்ததும், அந்த செல்லுக்குள் ஓர் அபாய மணி அடிக்கிறது. இன்ஃப்ளமஸோம் என்று அதற்குப் பெயர். அது இன்டர்லூகின்-1 என்ற வேதிப்பொருளைக் கொட்டி, ஊரையே எழுப்பிவிடுகிறது. நோய் எதிர்ப்புப் படை திரண்டு வருகிறது. எதிரியைக் காணோம். கல்லை எதிர்த்து என்ன சண்டை போட முடியும்? அங்கே செத்துக் கிடப்பது நம்முடைய செல்கள். சிதறிக் கிடப்பது நம்முடைய புரதங்கள். படை அவற்றையே எதிரி என்று குறித்துக்கொள்கிறது. சிலிக்காவிலிருந்து தன்னையே தாக்கும் நோய்க்குப் போகும் பாதை இதுவாக இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு.

அப்படி எதைக் குறித்துக்கொள்கிறது? நம் செல்லுக்குள் டி.என்.ஏ. நூல் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும். படிக்க வேண்டுமானால் முறுக்கை எடுக்க வேண்டும். அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டில் நூல் சிக்கெடுக்க ஆள் உட்கார்ந்திருப்பார்களே, அந்த வேலையைச் செய்ய செல்லுக்குள் ஓர் என்ஸைம் உண்டு. பெயர், டோபோஐசோமரேஸ். ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளில் ஒரு பகுதியினருடைய ரத்தத்தில் ஒரு விசித்திரமான எதிர்ப்பொருள் இருப்பதை 1979இல் கண்டுபிடித்தார்கள். அது தாக்குவது இந்த என்ஸைமைத்தான் என்பது 1986இல் தெரிந்தது. பாவம், சிக்கெடுக்கிற ஆளைத் திருடன் என்று பிடித்துக்கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் தோல் இறுகவில்லையே என்கிறீர்களா? வருகிறேன்.

நம் உடம்பில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்று ஒரு செல் இருக்கிறது. கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே காயம் பட்டாலும் வந்து, கொலாஜன் என்ற நார்ப்பொருளைப் போட்டுப் பூசி, விரிசலை அடைப்பது அவர் வேலை. முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் தழும்பு விழுகிறதே, அது அவருடைய கைவேலை. வேலை முடிந்ததும் கரண்டியைக் கழுவிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

1972இல், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கார்வைல் லெராய் ஒரு சோதனை செய்தார். நோயாளியின் தோலிலிருந்து இந்தக் கொத்தனார்களை எடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்தார். இப்போது உடம்பு இல்லை. நோய் எதிர்ப்புப் படை இல்லை. காயம் இல்லை. யாரும் ஏவவும் இல்லை. இருந்தும், ஆரோக்கியமான ஆளின் செல்களைவிட அதிகமாக அவை கொலாஜனைப் பூசிக்கொண்டே இருந்தன.

வேலையை நிறுத்தச் சொல்லித் தந்த பாடம் அந்தக் கொத்தனாருக்கு மறந்துபோயிருந்தது. ஸ்க்ளீரோடெர்மாவின் சாரம் இதுதான். காயமே இல்லாத இடத்தில் தழும்பு. தோலில் பூச்சு விழுந்தால் விரல் மடங்காது, மோதிரம் கழலாது, வாய் குறுகி, ஒரு கவளம் சோறு உள்ளே போகாது. உணவுக்குழாயில் விழுந்தால் விழுங்க முடியாது. நுரையீரலில் விழுந்தால் மூச்சு விட முடியாது.

கொத்தனாரை ஏவுவது யார்? 1980களில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதம் மாட்டியது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான அனிதா ராபர்ட்ஸின் குழு, அதை எலிக்குட்டிகளின் தோலுக்கடியில் ஊசியில் ஏற்றிப் பார்த்தது. இரண்டு மூன்று நாளில் அந்த இடம் நார் விழுந்து இறுகிவிட்டது. 'அப்புறமென்ன, அந்தப் புரதத்தைத் தடுத்தால் நோய் போச்சு' என்று தோன்றுகிறது அல்லவா? ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. தடுக்கும் மருந்து ஒன்றைத் தயாரித்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2007இல் முடிவு வந்தது. ம்ஹூம். பலனில்லை. ஒரே கதவை மூடினால் நிற்கிற திருடன் இல்லை இது. ரத்தக் குழாய், எதிர்ப்புப் படை, கொத்தனார் என மூன்றும் ஒன்றையொன்று தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கின்றன.

பரம்பரை வியாதியோ என்ற சந்தேகமும் வந்தது. 2003இல் பிட்ஸ்பர்க்கில் 42 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்தார்கள். ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருக்கிறதா? இரண்டே இரண்டு ஜோடிகளில்தான் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த இரட்டையருக்கும் அதே நிலைதான். ஆக, ரத்தத்தில் எழுதியிருப்பது மட்டும் போதாது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து தட்ட வேண்டும்.

அந்த வெளி ஆள் யார்? பெரும்பாலான நோயாளிகள் பெண்கள். கல்லை வாழ்நாளில் தொட்டிருக்காதவர்கள். அவர்கள் விஷயத்தில் பதில் இன்னும் கைக்கு வரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு பல வருடங்கள் தாயின் உடம்பில் தங்கிவிடும் குழந்தையின் செல்கள் காரணமா என்று 1998இல் ஆராய்ந்தார்கள். சிலருடைய விஷயத்தில், உடம்பில் ரகசியமாக முளைத்த ஒரு புற்றுநோயை எதிர்க்கப் போன படை, அப்படியே திசைமாறித் தன் உடம்பைத் தாக்குகிறது என்று 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் காட்டியது. இத்தனை சந்தேகங்களுக்கு நடுவே, அழுத்தமான ஆதாரத்தோடு பிடிபட்ட வெளி ஆட்களில் முதல் வரிசையில் நிற்பது சிலிக்கா தூசிதான்.

அந்தச் சாட்சியைச் சொன்னவை ஸ்காட்லாந்துக் கல்தச்சர்களின், தென் ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களின் உடம்புகள்.

*

இவ்வளவு ஆராய்ந்து என்ன கிடைத்தது? கிடைத்திருக்கிறது.

ஒருகாலத்தில் இந்த நோய் சிறுநீரகத்தைப் பிடித்தால், சில வாரங்களோ மாதங்களோதான். ரத்த அழுத்தம் எகிறி, ஆள் போய்விடுவார். பிரேஸில் காடுகளில் ஜராராக்கா என்றொரு விஷப்பாம்பு. அதன் விஷத்தை ஆராய்ந்து கிடைத்த துப்பிலிருந்து கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை பிறந்தது. சிறுநீரகத்தில் சிக்கிய ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளுக்கு அந்த வகை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வந்த கணக்கு: மாத்திரை இல்லாதவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 15 சதவிகிதம். மாத்திரை சாப்பிட்டவர்களில் 76 சதவிகிதம்!

நுரையீரல் இறுகுவதைத் தாமதப்படுத்த, 2019இல் நின்டெடானிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் இருந்து ஒரு செய்தி. நோயாளியின் எதிர்ப்பு செல்களையே வெளியே எடுத்து, மாற்றியமைத்து, திரும்பச் செலுத்தும் சிகிச்சை. பதினைந்து பேருக்குச் செய்து பார்த்ததில், நாலு பேர் ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகள். நோயின் வேகம் தணிந்தது. ஆரம்பக் கட்டம்தான். ஆனாலும், ஆஸ்லர் காலத்து இருட்டு இப்போது இல்லை.

நம் பக்கத்திலும் சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் என்று இந்த வகை நோய்களைக் கவனிக்கத் தனித் துறைகள் உண்டு. 'ருமடாலஜி' என்று போர்டு இருக்கும். விரல் வெளுத்து நீலமாகிறது, கூடவே விரல்கள் வீங்கி இறுகுகின்றன என்றால், அங்கேதான் போக வேண்டும். நகக்கண் ஓரத்து ரத்தக் குழாய்களைப் பெரிதாக்கிப் பார்த்தே ஆரம்பத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஆனால், கிரஷரில் கூலிக்கு நிற்கிறவருக்கு ருமடாலஜி போர்டு எங்கே தெரியப்போகிறது?

தென் ஆப்பிரிக்காவில், சுரங்கத் தொழிலாளருக்கு வேலையால் வந்த ஸ்க்ளீரோடெர்மாவுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இங்கே 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், டாக்டர்கள் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய தொழில் நோய்கள் என்று ஒரு பட்டியல் வைத்தது. அதில் சிலிகோசிஸ் இருந்தது. ஸ்க்ளீரோடெர்மா இல்லை. ராஜஸ்தான் மருத்துவர்கள், கல் வேலை செய்தவர்களுக்கு சிலிகோசிஸோடு ஸ்க்ளீரோடெர்மாவும் வந்திருப்பதை, எராஸ்மஸ் சிண்ட்ரோம் என்று பெயர் சொல்லியே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அந்த மாநிலம் 2019இல் சிலிகோசிஸுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அங்கே ஒருவராவது பிராம்வெல்லின் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் - 'நீ என்ன வேலை பார்க்கிறாய்?'

சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் ஆகும். தடுக்கிற வழி நூறு வருடப் பழசு. துளை போடும்போது தண்ணீர் விட்டுத் துளைப்பது. கிரஷரின் வாயில் தண்ணீரைப் பீய்ச்சுவது. மிஷினுக்கு மூடி போடுவது. தூசியைச் சலிக்கிற சரியான முகமூடி கொடுப்பது. மூக்கில் கட்டுகிற துண்டு போதாது. துண்டின் இழைக்கு நடுவே அந்தத் துகள் மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு இடம் இருக்கிறது.

*

ஒரு விஷயம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பால் கிளே என்ற உலகப் புகழ்பெற்ற ஓவியருக்கு, 1935இல் உடல்நலம் கெட ஆரம்பித்தது. ஹிட்லர் ஆட்சியில் வேலையை இழந்து, சுவிட்சர்லாந்துக்கு வந்திருந்த நேரம். தோல் இறுகியது. விழுங்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. அவருக்கு வந்தது ஸ்க்ளீரோடெர்மாதான் என்று பிற்காலத்து மருத்துவர்கள் சொல்கிறார்கள். விட்டாரா மனிதர்? 1939ஆம் வருடம் மட்டும் 1,253 படைப்புகள். 1940 ஜூன் 29இல் இறந்தார். அந்தக் கடைசிக் கால ஓவியங்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள்.

கிளேயின் பெயர் நமக்குத் தெரியும். நேப்பிள்ஸ் பெண்ணின் பெயர்கூடத் தெரியும். பிராம்வெல்லின் கல்தச்சர்களுக்குப் பெயர் இல்லை. எராஸ்மஸின் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் இல்லை. 'நோயாளி, ஆண், கல் வேலை' என்ற மூன்று வார்த்தைகளாக மருத்துவ இதழ்களில் படுத்திருக்கிறார்கள். காரணத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அடுத்த முறை காரியாபட்டி பக்கம் போனால், டீக்கடையில் வண்டியை நிறுத்துங்கள். குவாரி வேலை முடிந்து, புருவமெல்லாம் வெள்ளையாக ஒருவர் வந்து உட்காருவார். டீ கிளாஸைப் பிடிக்கும் அவர் விரல்களைப் பாருங்கள். நன்றாக மடங்குகின்றனவா என்று பாருங்கள்.

முடிந்தால், என்ன வேலை பார்க்கிறீர்கள் அண்ணே என்று கேளுங்கள்.